கோதுமை இல்லாமல், பால் இல்லாமல்: கல்வராயன் கற்றுத்தரும் மாணவர் சமையல்

ஜூன் பிறந்தால் கல்வராயன் மலையிலிருந்து பிள்ளைகள் இறங்கத் தொடங்குவார்கள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், சென்னை என்று இடம் கிடைத்த கல்லூரியில் சேர்ந்து, அரசு விடுதியிலோ வாடகை அறையிலோ பெட்டியை இறக்குவார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் கள்ளக்குறிச்சிக்கு வருவதும் உண்டு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். இந்த இரு தரப்புக்கும் அடுத்த சில ஆண்டுகளுக்கு வீட்டுச் சாப்பாடு கிடையாது. மெஸ் உண்டு, இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையில் ஒரு கரண்ட் அடுப்பு உண்டு.

மெஸ் சாப்பாடு எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் விடுதியில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் ரவை உப்புமா அல்லது சேமியா, இடைவேளையில் பிஸ்கட்டும் பால் டீயும், இரவில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சப்பாத்தி, வெளியே போனால் பரோட்டா. பெரும்பாலோருக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. சிலருக்கு மட்டும் சேர்ந்த சில வாரங்களிலேயே வயிறு உப்பும், வயிற்றால் போகும், எடை இறங்கும், வகுப்பில் உட்கார முடியாது. வீட்டுக்குப் போன் போட்டு “ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல” என்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் “போகப் போகப் பழகிடும்” என்பார்கள். உடம்பே கோதுமையை எதிர்க்கிற பிள்ளைக்கு அது பழகாது. நாள் ஆக ஆகக் குடல்தான் கெடும்.

கோதுமையும் பாலும் இல்லாமல் சாப்பிடுவது பெருநகரத்துப் பணக்காரர்களின் பழக்கம், தனிக் கடையில் தனி விலை கொடுத்து வாங்கும் ரொட்டியும் பாதாம் பாலும்தான் அதற்கு வழி என்ற எண்ணம் நம்மிடம் படிந்திருக்கிறது. அது தவறு என்பதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டமே சாட்சி. மேலே மலையில் சாமை, தினை, கேழ்வரகு. கீழே நெல், மரவள்ளி, கம்பு, உளுந்து. இவற்றில் எதிலும் கோதுமையில் உள்ள குளூட்டன் இல்லை. ஆபத்து வேறு இடத்தில், நாம் சந்தேகப்படாத சின்னச் சின்னப் பொருள்களில் ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் ஒரு ரைஸ் குக்கரை வைத்தே நல்லபடியாகச் சாப்பிட்டுப் படித்து முடிக்கலாம்.

ஆயிரத்தில் ஒருவர்

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவை வீசும்போது கிழியாமல் விரிவது அதனால்தான். சிலருடைய உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு இந்தப் புரதம் உள்ளே வந்ததும் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து மட்டமாகும். இதற்குப் பெயர் சீலியாக் நோய். மருந்து கிடையாது. குளூட்டனை அடியோடு நிறுத்துவது ஒன்றே வைத்தியம். நிறுத்தினால் குடல் மெல்ல மெல்லத் தேறும்.

கோதுமைதான் காரணம் என்பதை மருத்துவ உலகம் கண்டுகொண்டதில் ஒரு பஞ்சத்துக்குப் பங்கு உண்டு. 1944-45 குளிர்காலத்தில், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனது. வில்லெம் டிக்கெ என்ற குழந்தை மருத்துவருக்கு அதற்கு முன்பே ரொட்டி மேல் சந்தேகம் இருந்தது. ஊரே பசியில் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி படுத்தார்கள். 1950-இல் அவர் தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார்.

தமிழ்நாட்டில் இது எத்தனை பேருக்கு இருக்கும்? இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் பிறரும் செய்தது. தெற்குப் பகுதிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது வேலூர் வட்டாரம், கல்வராயனிலிருந்து அதிக தூரமில்லை. வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம் பேரின் ரத்தத்தில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்கள் இருந்தன. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவோ மூன்று பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமையின் அளவு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். கோதுமையின் அளவு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. வடகிழக்கிலும் கோதுமை குறைவுதான், ஆனால் நோய் குறைவாக இல்லை. ஆனாலும் இந்த எண்கள் நம்மை யோசிக்க வைக்க வேண்டும். மரபணு நம்மிடமும் இருக்கிறது. நம் பிள்ளைகள் சாப்பிடும் கோதுமையின் அளவு தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போகிறது.

ஆயிரத்தில் ஒருவர் என்பது கேட்கச் சிறிய எண். 13 லட்சம் பேருக்கு மேல் வாழும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அதே கணக்கைப் போட்டால் ஆயிரம் பேரைத் தாண்டும். அவர்களில் நோய் உள்ளவர்கள் எத்தனை பேருக்கு அது இருப்பதே தெரியும்? வளராத உயரம், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தும் தீராத ரத்தசோகை, அடிக்கடி வாய்ப்புண், ஓயாத வயிற்றுப்போக்கு. இவை எல்லாமே சீலியாக்கின் அறிகுறிகள். ஒரு மலைக் கிராமத்துப் பிள்ளையிடம் இவற்றைப் பார்த்தால் வறுமை என்று சொல்லிவிடுவோம், பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவோம்.

பால் கதை வேறு. பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கும் நொதி பலருக்கு வளர வளரக் குறைந்துவிடும். 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட தென்னிந்தியர்களில் மூன்றில் இருவருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை. டெல்லிக்காரர்களில் கால்வாசிப் பேருக்குச் சற்று மேல்தான் அப்படி. ஆகவே ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு கடகடவென்கிறது என்று சொல்லும் தமிழ்ப் பிள்ளையிடம் கோளாறு எதுவும் இல்லை, இங்கே அதுதான் பெரும்பான்மை. இவர்களில் பலருக்கு டீயில் விடும் கொஞ்சம் பாலும் தயிரும் மோரும் தொந்தரவு தராது. தயிராகும்போதே லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தனி ரகம். அவர்களுக்கு ஒரு சொட்டும் ஆகாது, மோரும் ஆகாது, பால்கோவா கிளறிய கரண்டியும் ஆகாது.

இரண்டும் ஏன் சேர்ந்தே பேசப்படுகின்றன என்று கேட்கலாம். சீலியாக்கில் குடல் முளைகள் தேயும்போது பாலைச் செரிக்கும் நொதியும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால் நோய் கண்டறிந்த புதிதில் மருத்துவர்கள் பாலையும் சில மாதம் நிறுத்தச் சொல்வது வழக்கம். குடல் தேறிய பிறகு பலரால் பாலை மறுபடி சேர்த்துக்கொள்ள முடியும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. சந்தேகம் வந்தவுடன் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சீலியாக்கைக் கண்டுபிடிக்க முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பது. கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இரண்டுமே ஒன்றும் இல்லை என்று காட்டிவிடக் கூடும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். எந்த நோயும் இல்லாதவர்கள், இணையத்தில் யாரோ சொன்னார் என்று குளூட்டனை விலக்குவதால் ஒரு நன்மையும் இல்லை.

சாமை விளையும் மலை

கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-இல். மாவட்டத்தின் மேற்கே கல்வராயன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு, மறுபக்கம் சேலம் மாவட்டத்துக்குள் இறங்குகிறது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் அதன் மேல் சிதறிக் கிடக்கின்றன. மழையை நம்பிய மேட்டுக்காடுகளில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டது சாமை, தினை, கேழ்வரகு, கூடவே அவரை, மொச்சை, துவரை. கோதுமை விளையாத மலை அது. பாலும் அன்றாடச் சாப்பாட்டில் பெரிய இடம் பிடித்ததில்லை.

சாமை நெல்லைவிடப் பொடியானது. உமி கெட்டி. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் சோறாக்கும் பதத்துக்கு அரிசி வரும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் தோள் வலிக்கக் குத்தியாக வேண்டும். ரேஷனில் அரிசி மலிவாகி, பிறகு 2011 முதல் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கியபோது அந்த வேலையை அவர்கள் விட்டதில் வியப்பில்லை. அதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கம் மரவள்ளி வந்தது. சேலம், ஆத்தூர், சின்னசேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் கையில் காசு கொடுத்து வாங்கின. சாமைக் காடுகள் பல கிழங்குக் காடுகளாயின. பக்கத்துக் கொல்லிமலையிலும் இதே கதைதான். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களைக் காப்பாற்ற இறங்கியபோது, விதையோடு உமி நீக்கும் இயந்திரத்தையும் ஊருக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. பெண்களின் தோள்வலிக்கு வழி சொல்லாமல் சாமையைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதை அந்த வேலை காட்டியது.

நம் கதைக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சாமைக்குப் பதிலாக வந்த ரேஷன் அரிசியிலும் குளூட்டன் இல்லை, மரவள்ளியிலும் இல்லை. மலைப்பிள்ளையின் தட்டில் குளூட்டன் ஏறுவது பெரும்பாலும் விடுதியில்தான். கல்வராயனில் இது கல்லூரியோடு தொடங்கும் விஷயமும் இல்லை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே வீட்டைவிட்டுத் தங்கிப் படிக்கிறார்கள். வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அருமையான திட்டம். எத்தனையோ பிள்ளைகளின் காலைப் பசியைத் தீர்த்த திட்டம். அதன் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி அடிக்கடி வருகின்றன. கோதுமை ஆகாத அந்த ஒரு பிள்ளைக்கு அரிசி உப்புமாவோ பொங்கலோ தனியாக எடுத்து வைக்க வழி வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஒளிந்திருக்கும் கோதுமை

பரோட்டா, சப்பாத்தி, பூரி, பிரெட், பிஸ்கட், கேக், சேமியா, ரவை, மைதா. இவற்றைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். சம்பா ரவை கோதுமைதான் என்பதைச் சிலர் மறப்பார்கள். ரவா தோசையும் ரவா இட்லியும் பேரிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற பானங்களில் பார்லியும் கோதுமையும் பாலும் மூன்றும் உண்டு. பிள்ளை இளைத்துப் போனான் என்று அம்மா வாங்கிக் கொடுத்தனுப்பும் டப்பாவே இளைப்புக்குக் காரணமாகிவிடக் கூடும்.

யாரும் நினைத்துப் பார்க்காத பொருள் பெருங்காயம். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வரும் அசல் பிசின் மிகக் காட்டமானது. அதைச் சமையலுக்கு ஏற்றபடி மட்டுப்படுத்த கோந்தோடு மைதா அல்லது கோதுமை மாவைச் சேர்ப்பார்கள். அந்தப் பெருங்காயம் சாம்பாரில் விழுகிறது, ரசத்தில் விழுகிறது, இட்லிப் பொடியில், ஊறுகாயில், மோர் மிளகாயில், புளியோதரையில் விழுகிறது. சீலியாக் உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் கெடும் என்று ஆய்வு சொல்கிறது. ரொட்டித் துண்டிலிருந்து உதிரும் ஒரு துணுக்கு அளவுதான் அது. “நான் கோதுமையே தொடுறதில்லை, ஆனாலும் சரியாகல” என்று சொல்லும் பிள்ளைகளின் சாம்பாரை முதலில் பார்க்க வேண்டும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் சந்தையில் உண்டு, உறையைப் படித்து வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பூண்டைத் தட்டிப் போட்டுத் தாளியுங்கள், ருசியில் ஒரு குறையும் வராது.

அடுத்தது மாவு மில். கேழ்வரகு சுத்தமானது, அரைக்கிற கல் சுத்தமானதா? உங்களுக்கு முன்னால் ஒருவர் பத்துக் கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் மாவில் அவருடைய மாவும் கலந்தே வரும். அரிசியோ கேழ்வரகோ அரைத்தவருக்குப் பின்னால் நின்று, முதலில் விழும் மாவை ஒதுக்கிவிட்டு வாங்கலாம். சீலியாக் என்று உறுதியானவர்களுக்கு அதுவும் போதாது. வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக் கொடுத்தனுப்புவதே நல்லது. கடையில் வாங்கும் சத்துமாவிலும் பல நேரம் கோதுமை சேர்ந்திருக்கும்.

மூன்றாவது மெஸ்ஸின் தோசைக்கல். இரவு சப்பாத்தி சுட்ட கல்லிலேயே காலையில் தோசை ஊற்றுவார்கள். பூரி பொரித்த எண்ணெயில்தான் வடையும் வேகும். ஓட்டல் குருமாவிலும் சால்னாவிலும் கெட்டிக்காக மைதா கரைத்து விடுவதுண்டு. ஆகவே மெஸ்ஸில் நம்பிச் சாப்பிடக் கூடியது ஆவியில் வெந்த இட்லி, வெறும் சோறு, அவித்த முட்டை, பழம். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டே தொட வேண்டும்.

சிறுதானியம் என்று அட்டையில் பெரிதாக எழுதிய பிஸ்கட்டும் நூடுல்ஸும் சேமியாவும் இப்போது எல்லா மளிகைக் கடையிலும் தொங்குகின்றன. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இவை பெருகிவிட்டன. பின்பக்கம் திருப்பிப் படித்தால் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோதான் முதல் பொருள். குளூட்டன், பால், சோயா, நிலக்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் உறையில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்க எழுத்தைப் படிக்கும் பழக்கம் ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும்.

ஒரு ரைஸ் குக்கரும் ஒரு கரண்ட் அடுப்பும்

இனி அடுப்படிக்கு வருவோம். அறையில் நாலு பேர், அவர்களில் ஒருவருக்குக் கோதுமை ஆகாது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கென்று ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு தோசைக்கல், ஒரு வடிகட்டி தனியாக இருக்கட்டும். சப்பாத்தி உருட்டும் நாளில் அவருடைய பாத்திரங்கள் மூடியிருக்கட்டும். அவ்வளவுதான் அறைத் தோழர்கள் செய்ய வேண்டிய தியாகம்.

சாமைச் சோறுதான் இதில் அடிப்படை. ஒரு டம்ளர் சாமை அரிசியை முதலில் அரிக்க வேண்டும், பொடிக் கல் கிடக்கும். அகலமான கிண்ணத்தில் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி மேலே வருவதை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கல் அடியில் தங்கிவிடும். இரண்டு தண்ணீர் கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டரை டம்ளர் தண்ணீர், உப்பு, நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குக்கரில் போட்டால் சீக்கிரமே வெந்துவிடும், அரிசியைவிட நேரம் குறைவு. குக்கர் அணைந்ததும் மூடியைத் திறந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் அப்படியே இருந்தால்தான் அடியில் ஒட்டாமல் பூப்போல வரும். குழைவாக வேண்டுமென்றால் தண்ணீரை மூன்று டம்ளராக்கிப் பாசிப்பருப்பும் மிளகு சீரகமும் சேருங்கள், நெய் இல்லாத வெண்பொங்கல் ஆகிவிடும். நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் முந்திரி வறுத்துக் கொட்டலாம்.

இதே சோற்றில் புளிக்காய்ச்சல் கிளறினால் புளிச்சோறு. வீட்டிலிருந்து வரும்போது ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், எள்ளுப் பொடி, முருங்கைக்கீரைப் பொடி, பருப்புப் பொடி எல்லாவற்றையும் கூட்டுப் பெருங்காயம் போடாமல் செய்து வாங்கி வாருங்கள். ஊர் விட்டு ஊர் போகும் பஸ்ஸில், தேர்வு நாளில், அடுப்புப் பற்றவைக்க நேரமில்லாத இரவில் இந்த நாலு பாட்டில்தான் கை கொடுக்கும்.

காலைக்குக் கடையில் கிடைக்கும் இட்லி மாவே போதும். அரிசியும் உளுந்தும் வெந்தயமும்தான் அதில் இருக்க வேண்டியவை. கடைக்காரரிடம் வேறு எதுவும் சேர்க்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாவு இல்லாத நாளில் கேழ்வரகு மாவும் அரிசி மாவும் கரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை அரிந்து போட்டு மெல்லிய தோசையாக ஊற்றலாம். புளிக்க வைக்க வேண்டியதில்லை. கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ காய்ச்சினால் மோருக்குப் பதில் முதல் நாள் சோற்றில் ஊறிய நீராகாரத்தை விட்டுக் கரையுங்கள். சின்ன வெங்காயமும் மாங்காய்த் துண்டும் கடித்துக்கொண்டு குடித்தால் மோர் இல்லையே என்ற நினைப்பே வராது.

பால் இல்லாதவருக்குத் தேங்காய்ப் பால் பெரிய வரம். அரை மூடித் தேங்காயைத் துருவி வெந்நீர் விட்டு மிக்சியில் அரைத்துத் துணியில் பிழிந்தால் இரண்டு பேருக்கு ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ போதும். ஜவ்வரிசியை வேகவைத்து வெல்லம் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்ப் பால் விட்டால் பாயசம். கொதிக்கவிட்டால் திரிந்து போகும். தேங்காய் இல்லையா, வறுக்காத நிலக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து மிக்சியில் அரைத்து வடிகட்டிக் காய்ச்சிக்கொள்ளலாம். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தள்ளி நிற்கட்டும். டீக்கடையில் வரக்காப்பி கேட்டால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். சுக்குக் காப்பியும் கருப்பட்டிக் காப்பியும் நம் ஊரில் காலங்காலமாகப் பால் இல்லாமல்தான் இருக்கின்றன.

மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும், வயிறு நிறையும். ஆனால் ஆலைக்கென்று பயிரிடும் சில ரகங்களில் சயனைடு தரும் பொருள் கூடுதல். சமையலுக்கென்று விற்கும் கிழங்கையே வாங்குங்கள். தோலை முழுக்கச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பச்சையாகக் கடிக்கக் கூடாது.

பால் இல்லையென்றால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும் என்பது பெற்றோரின் கவலை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அதே எடைப் பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவுதான். கேழ்வரகில் உள்ள சத்து முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடாது என்பதும் உண்மை. முளைகட்டி அரைத்தால் கூடுதலாகச் சேரும். எள், முருங்கைக்கீரை, அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு, இவை எல்லாம் சேர்ந்தால் பாலின் இடம் நிரம்பும். பாலும் முட்டையும் மீனும் எதுவுமே சாப்பிடாதவர்கள் மட்டும் பி12 அளவை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பது ரூபாய்க்குள்

ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் ஒரு கல்லூரி மாணவருக்கு மாதம் 1,500 ரூபாய், பள்ளி மாணவருக்கு 1,400 ரூபாய் என்று உணவுப் படி 2023-இல் உயர்த்தப்பட்டது. கல்லூரி மாணவருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளைக்கும் அதுதான். இந்தப் பணத்தில் குளூட்டன் இல்லாத ரொட்டி வாங்கித் தரச் சொல்வது நடக்காத காரியம். ஆனால் அரிசி, பருப்பு, முட்டை, கீரை, கேழ்வரகு என்று சமைத்தால் கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் இதே ஐம்பது ரூபாயில் சோறு போட முடியும். சப்பாத்தி நாளில் அவருக்கு இட்லியோ சோறோ, ரவை உப்புமா நாளில் அரிசி உப்புமாவோ. பெருங்காயம் போடுவதற்கு முன் ஒரு சின்னப் பாத்திரத்தில் சாம்பாரை எடுத்து வைத்துவிட்டால் போதும். சமையல்கார அம்மாவுக்கு விவரம் சொன்னால் செய்வார்கள். அவருக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் இங்கே குறை.

நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் ரேஷன் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. கல்வராயன் மலையுள்ள கள்ளக்குறிச்சிக்கும் அது வர வேண்டும், விடுதிகளுக்கும் வர வேண்டும். மலையில் சாமை விளைவிப்பவர்களிடம் அரசு விடுதிகளே நேரடியாக வாங்கினால் விலையும் கிடைக்கும், விதையும் நிலைக்கும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ரகமும் தொழில்நுட்பமும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வாங்குவதற்கு ஒரு நிலையான கை மட்டும் இல்லை. அந்தக் கையாக விடுதிகள் இருக்கலாம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதிச் சேர்க்கைப் படிவத்தில் ரத்த வகைக்கும் முகவரிக்கும் கட்டம் இருக்கும், ஒத்துக்கொள்ளாத உணவுக்கு இருக்காது. உங்கள் பிள்ளைக்கு அப்படி ஏதாவது இருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் தெளிவாக எழுதி, மருத்துவரின் சீட்டு நகலை இணைத்து, வார்டனிடம் ஒன்றும் சமையலறையில் ஒன்றும் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.